‘அம்மா இல்லீங்க’: சித்தேரிக்கு இரண்டு பயணமும் ஓர் இங்கிலாந்து பென்ஷனும்

சித்தேரி மலைக்கு எப்படிப் போவது என்று கேட்டு எழுதுகிறவர்கள் ஒரு பக்கம். இங்கிலாந்து பென்ஷனை இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு வாங்குவது எப்படி என்று கேட்கிறவர்கள் இன்னொரு பக்கம். முப்பது வருடம் ஆடிட்டர் ஆபீசில் குப்பை கொட்டியவள் என்று தெரிந்தால் சும்மா விடுவார்களா? இரண்டு கேள்விக்கும் சேர்த்து என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. 1986-இல் நான் சித்தேரிக்குப் போய்வந்த இரண்டு பயணங்கள்தான் அந்தப் பதில். முதலாவது தை மாதக் கடைசியில், அடுத்தது ஆடி முடிந்து ஆவணி பிறந்த பிறகு. வழி, கட்டணம், நேரம் எல்லாம் சொல்கிறேன். ஆனால் இது சந்தோஷமான பதிவு இல்லை. மேகமும் சில்லென்ற காற்றும் வேண்டுமென்றால் வேறு ஆட்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், அங்கே போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. தர்மபுரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் இங்கிலீஷ் டைப்பிஸ்ட். அத்தாவுக்குக் கடைவீதியில் ஜவுளிக்கடை. பெண்ணை வேலைக்கு அனுப்புகிறாரே என்று எங்கள் தெருவில் அவர் காதுபடவே பேசினார்கள். ஆடிட்டர் சாரும் அத்தாவும் ஒன்றாகப் படித்தவர்கள், அதனால் என் வேலை பிழைத்தது.

எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்கள் எல்லாம் புளிமண்டிக்காரர்கள், லாரி முதலாளிகள், ஜவுளி வியாபாரிகள். நடுவில் ஒரே ஒரு வெள்ளைக்காரி. பெயர் டோரத்தி. மலைக்குக் கீழே சமவெளியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ரொம்ப வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் சொந்த ஊருக்குப் போகாமல் சித்தேரியில் ஓர் ஓட்டு வீட்டில் தங்கிவிட்டவர். வயது எழுபத்துநாலு. மலையில் யாருக்கு அரிவாள் பட்டாலும், எந்த வீட்டில் பிரசவ வலி வந்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். மருந்து வாங்குவதும் சாப்பிடுவதும் எல்லாம் இங்கிலாந்திலிருந்து வரும் பென்ஷனில்தான்.

அந்தப் பென்ஷனைப் பற்றி இரண்டு வார்த்தை. இங்கிலாந்துக்காரர் இந்தியாவில் குடியிருந்தால் அவருடைய அரசாங்கப் பென்ஷன் முதல் நாள் என்ன தொகையோ அதிலேயே நின்றுவிடும். அங்கே இருப்பவர்களுக்கு வருடா வருடம் ஏறும், இவர்களுக்கு ஏறாது. அது போதாதென்று மிஷன் கொடுக்கும் சின்ன ஆண்டுத்தொகைக்கு அங்கே வரி பிடிப்பார்கள். இங்கே குடியிருப்பவர் என்பதால் இங்கேயும் கணக்குக் காட்ட வேண்டும். அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்ள ஆடிட்டர் சார் ஒவ்வொரு வருடமும் மல்லுக்கட்டுவார். "ஒரே மாட்ட ரெண்டு பேரும் கறக்கறாங்க கண்ணு" என்பார் டோரத்தி அம்மா. அவர் பேசுவது அச்சு அசல் மலைத் தமிழ். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வெள்ளைக்காரி என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள்.

மலையில் இன்னொரு வேடிக்கை. அம்மாவுக்கு வருவது பவுண்டு. மலைக்காரர்கள் வாயில் அது பவுன். சீமையிலிருந்து மாதாமாதம் பவுன் வருகிறதாம்! அவரோடு கூடவே இருந்து சமைத்துப்போடும் குப்பாயி அக்காவுக்கு அது பெரிய மனத்தாங்கல். "அத்தினி பவுனு வருது, ஒரு மூக்குத்தி போட்டுக்கக் கூடாதா இந்த மனுசி" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்.

1985 கடைசியில் பென்ஷன் நின்றது. கொஞ்ச நாள் தாமதம் என்று நினைத்துக் காத்திருந்தார்கள். பொங்கல் கழித்து இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதை அப்படியே எங்கள் ஆபீசுக்கு அனுப்பி, கூடவே ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருந்தார் டோரத்தி அம்மா. "நான் இறந்துவிட்டேனாம். அதற்கு வரி ஏதும் உண்டா என்று ஆடிட்டரைக் கேட்டுச் சொல்லவும்." படித்ததும் நான் சிரித்தேன், ஆடிட்டர் சார் சிரிக்கவில்லை.

"ஏம்மா ஷமீம், இது சிரிக்கற விஷயமில்ல. முன்ன மாதிரி இல்ல இப்ப. வெள்ளைக்காரங்களுக்கும் விசா, பெர்மிட் எல்லாம் வேணும்னு சட்டம் போட்டுட்டாங்க. ஆகஸ்ட் மாசத்தோட அம்மாவோட பெர்மிட் முடியுது. பிழைக்க வருமானம் இருக்குன்னு பேப்பர் காட்டலேன்னா ஊருக்குப் போகச் சொல்லிடுவாங்க."

"எந்த ஊருக்கு சார்? அவங்களுக்கு அங்க யாரு இருக்கா?"

"அதான் நானும் சொல்றேன்."

அண்ணன், தங்கை எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணமும் இல்லை. எழுபத்துநாலு வயதில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத குளிர் ஊரில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் அந்த மனுஷி என்ன செய்வார்? வேண்டியது ஒரே ஒரு தாள். இன்னார் உயிரோடு இருக்கிறார் என்று ஓர் அதிகாரி நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்ட உயிர்ச் சான்றிதழ். அதற்கான ஆளாக என்னைப் பிடித்தார்கள். "பொம்பளப் புள்ள போனா பேச சௌகரியம்" என்று ஆடிட்டர் சார் அத்தாவிடம் சொல்லி அனுமதி வாங்கினார். அத்தா முனகிக்கொண்டே சரி என்றார்.

வழி குறித்துக்கொள்ளுங்கள். தர்மபுரியிலிருந்து அரூர் சுமார் நாற்பது கிலோமீட்டர். காலை ஆறேகால் பஸ், டிக்கெட் நாலு ரூபாய் இருபது காசு. நேராகப் போகும் பஸ்ஸில் ஏறுங்கள் என்று எத்தனை பேர் சொன்னாலும் முதல் தடவை நீங்களும் என்னைப்போல் கடத்தூர் சுற்றிப் போகும் பஸ்ஸில்தான் ஏறுவீர்கள். அன்று கடத்தூரில் சந்தை நாள். கோழிக்கூடை, வெற்றிலைக்கட்டு, மூட்டை தக்காளி எல்லாம் ஏறி என் மடியில் உட்காராத குறை. "கொஞ்சம் நவுந்து குந்துங்கக்கா" என்று கண்டக்டர் சொன்னார். நகர்ந்தால் ஜன்னல் வழியாக வெளியேதான் விழ வேண்டும், அதையும் அவரிடம் சொன்னேன்.

அரூரில் டீ குடித்துவிட்டு மலை பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணி இரண்டு மூன்று பஸ்தான். ஒன்றை விட்டால் அடுத்தது வரும்போது உங்களுக்கே உங்கள் மேல் வெறுப்பு வந்துவிடும். அரூரிலிருந்து சித்தேரி இருபத்தாறு கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய். அடிவாரம் தாண்டியதும் சாலை என்று சொல்ல ஒன்றும் இல்லை, கல்லும் பள்ளமும்தான். வாந்தி வருகிறவர்கள் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்திருந்தும் வந்தது. மேலே ஏறியதும் சாமைக் காடு அறுத்துக் கிடந்தது. சாலையோரம் புளி காயப்போட்டிருந்தார்கள்.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரர் பொன்னுசாமிதான் ஊருக்கு வருகிற யாரும் முதலில் பார்க்கும் முகம். நான் போய், "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க" என்றார், பாலை ஆற்றிக்கொண்டே.

எனக்குப் பகீர் என்றது. லண்டன்காரன் சொன்னது நிஜமாகிவிட்டதா? "என்னங்க சொல்றீங்க, எப்போ?" என்றேன்.

"காலையிலதாங்க. மேலூர்ல ஒரு புள்ளைக்கு வலி எடுத்திருச்சு. பொழுது சாயறதுக்குள்ள வந்துருவாங்க. வூட்ல போய்க் குந்துங்க."

உயிர் திரும்பி வந்தது. அடுத்த நொடி மூளையும் வந்தது. "இதுக்கு முன்ன யாராவது வந்து இதே மாதிரி கேட்டாங்களா?"

பொன்னுசாமி யோசித்தார். "ஆமாங்க. ஐப்பசி மழையில ஒருத்தரு வந்தாரு, கையில பையோட. பேங்குலேர்ந்து விசாரிக்க வந்தேன்னாரு. வெள்ளைக்காரம்மா இருக்காங்களான்னாரு. அன்னிக்கும் அம்மா இல்லீங்க. இல்லன்னு சொன்னேன். 'அடப் பாவமே'ன்னாரு. ஒரு டீ குடிச்சாரு, அதே பஸ்ல எறங்கிப் போயிட்டாரு."

"அடப் பாவமேன்னு சொன்னாரே, உங்களுக்கு ஒண்ணும் தோணலியா?"

"மழையில இவ்ளோ தூரம் வந்து பாக்க முடியலியேன்னு சொல்றாருன்னு நெனச்சேன்."

இதற்கு யாரைத் திட்டுவது? நம் தமிழில் வீட்டில் இல்லாதவரும் இல்லை, உலகத்தில் இல்லாதவரும் இல்லை. கேட்டவர் ஒரு இல்லையைக் கேட்டார், சொன்னவர் இன்னொரு இல்லையைச் சொன்னார். பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்துவர பேங்க் அனுப்பிய ஆள் கீழே போய் இங்கிலீஷில் ‘ஷீ இஸ் நோ மோர்’ என்று எழுதியிருக்கிறார். அது மெட்ராஸ் போய், கடல் தாண்டி, ஒரு பென்ஷனை நிறுத்திவிட்டது. பொன்னுசாமிக்கு விவரம் சொன்னதும் மனிதர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "என் வாயாலயா? என் பொண்டாட்டிக்கு ரெண்டு பிரசவம் பாத்த கையிங்க அது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

டோரத்தி அம்மா சாயங்காலம் வந்தார். வெள்ளைச் சேலை, கையில் மருந்துப் பெட்டி, காலில் ரப்பர் செருப்பு. மேட்டில் ஏறி வந்ததில் மூச்சு இரைத்தது, உட்கார்ந்து சரியாகவே நேரம் பிடித்தது. கதையைக் கேட்டதும் அப்படிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும். குப்பாயி அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"செத்துட்டாங்கன்னு வாயில சொன்னாலே ஆகாது. இதுங்க எழுதியே வெச்சிருக்குதுங்க. உப்பு மொளகா எடுத்துச் சுத்திப் போடறேன் இரு" என்று உள்ளே போனார். நிஜமாகவே சுற்றிப்போட்டார். அடுப்பில் மிளகாய் வெடித்ததே தவிர நெடி வரவில்லை. பார்த்தாயா, கண்ணேறுதான் என்றார்.

அன்று ராகிக் களியும் கீரைக் குழம்பும். சாப்பிடும்போது டோரத்தி அம்மா என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "கண்ணு, பேப்பர் கெடைக்கலேன்னா என்னைய அனுப்பிருவாங்களா?"

"கெடைக்கும்மா. அதுக்குத்தானே நான் வந்திருக்கேன்."

"எனக்கு இங்கயே செத்துப் போகணும். வேற ஒண்ணும் வேணாம். அந்த ஊருல எந்தக் கடையில உப்பு விக்கறாங்கன்னுகூட எனக்குத் தெரியாது." சொல்லிவிட்டு மறுபடி களியை உருட்ட ஆரம்பித்தார்.

மறுநாள் அவரை அரூருக்கு அழைத்துக்கொண்டு இறங்கினேன். கண்டக்டர் முன் சீட்டில் இருந்தவரை எழுப்பிவிட்டு இடம் கொடுத்தார். அம்மா வழியெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே வந்தார். அரூரில் ஓர் அரசாங்க அலுவலகம், எது என்று கேட்காதீர்கள். அதிகாரி வரும்வரை அவர் முன்னறையில் இருந்த குமாஸ்தா தாள்களைப் புரட்டினார்.

"இவங்க உயிரோட இருக்காங்கங்கறதுக்கு ஆதாரம் என்னம்மா?"

"சார், உங்க முன்னால நாற்காலில உக்காந்திருக்காங்க."

"அது தெரியுது. பேப்பர்ல என்ன இருக்கு? பேப்பர்ல இறந்துட்டதா இல்ல இருக்கு?"

டோரத்தி அம்மா முன்னால் குனிந்து, "என் கையத் தொட்டுப் பாரு சாமி, சூடா இருக்கும்" என்றார். அந்த மனிதர் வெட்கப்பட்டுப்போய் எழுந்து உள்ளே ஓடினார். மதியத்துக்குள் கையெழுத்தும் முத்திரையும் கிடைத்தன. நல்ல மனிதர்தான், சொல்லப்போனால்.

பேங்க் வேலை அவ்வளவு சுலபமாக முடியவில்லை. கணக்கில் மிச்சமிருந்த கொஞ்சப் பணத்துக்குக் குப்பாயி அக்காவை வாரிசாக எழுத வேண்டும் என்று டோரத்தி அம்மா ஆசைப்பட்டார். நான் தர்மபுரி திரும்பி விசாரித்தேன். ‘கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டதாகப் பதிவாகியுள்ளது, இறந்தவர் கணக்கில் வாரிசு பெயர் சேர்க்க வழியில்லை, முதலில் லண்டன் பதில் வரட்டும்’ என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே டைப் மிஷினைத் தூக்கி எறிந்திருப்பேன், நல்லவேளை அது ஆபீசில் இருந்தது.

பிறகு காத்திருப்பு. மாசி போயிற்று, பங்குனி போயிற்று. சான்றிதழை அனுப்பினோம். ஞாபகமூட்டி ஒரு கடிதம், மறுபடி ஒன்று. ஒவ்வொன்றிலும் ‘ஷீ இஸ் அலைவ்’ என்று நான்தான் டைப் அடித்தேன். இந்தப் பக்கம் பெர்மிட் அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது: ஆகஸ்ட் முடிவதற்குள் வருமானச் சான்று கொடுக்க வேண்டும், இல்லையேல் நாட்டை விட்டுப் புறப்பட ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அதன் நகல் சித்தேரிக்கும் போயிருந்தது. ஆடிட்டர் சார் கூடுதல் அவகாசம் கேட்டு அலைந்தார். பார்க்கலாம், பார்க்கலாம் என்றார்களே தவிர தாளில் ஒன்றும் தரவில்லை.

ஆவணி பிறந்த வாரத்தில் லண்டன் கடிதம் வந்தது. தவறு நடந்துவிட்டது, வருந்துகிறோம், பென்ஷன் மறுபடி தொடங்குகிறது, நிறுத்தி வைத்த மாதங்களுக்கும் சேர்த்துப் பணம் அனுப்பப்படும். நான் ஆபீசிலேயே குதித்தேன். ஆடிட்டர் சார் அதை எடுத்துக்கொண்டு நேராகப் பெர்மிட் அலுவலகத்துக்குப் போய் ஒரு நகல் கொடுத்துவிட்டு வந்தார். இனி யாரும் அம்மாவை அனுப்ப முடியாது என்றார். ஒரு கார்டு எழுதிப் போடு என்றார். கார்டா? அந்த முகத்தை நேரில் பார்க்க வேண்டாமா? ஒரு நாள் லீவு போட்டேன். டோரத்தி அம்மாவுக்கு இஞ்சி மொரப்பா என்றால் உயிர், கடைவீதியில் கால் கிலோ வாங்கிக்கொண்டேன். அத்தா கடையிலிருந்து குப்பாயி அக்காவுக்கு ஒரு சேலையும் எடுத்துக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றதுதான் ஆச்சரியம்.

இந்தத் தடவை நேர் பஸ், அதே ஆறேகால். அரூரில் மலை பஸ் உடனே கிடைத்தது. மழை பெய்து மலை பச்சையாக இருந்தது. வாந்திகூட வரவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பொன்னுசாமி கடைக்கு ஓடினேன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா இருக்காங்களா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார். "இல்லீங்க" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். "இந்த இல்லீங்கவ நம்பற ஆளு நான் இல்ல, வேற ஆளப் பாருங்க. எந்த வூட்ல யாருக்கு வலி?" என்று சொல்லிக்கொண்டே பதிலுக்கு நிற்காமல் மேட்டில் ஏறிவிட்டேன். அவர் பின்னால் ஏதோ சொன்னார். பஸ் கிளம்பிய சத்தத்தில் கேட்கவில்லை.

வீடு சங்கிலி போட்டிருந்தது. வாசலில் இருந்த துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தேன். மொரப்பாப் பொட்டலத்தை எறும்பு வராமல் மடியில் வைத்துக்கொண்டேன். எப்படிச் சொல்வது என்று ஒத்திகை வேறு. முதலில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "அம்மா, நீங்க மறுபடியும் பொழச்சுட்டீங்களாம்" என்று சொல்லலாமா? இல்லை, கடிதத்தையே கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நிற்கலாமா? வெயில் ஏறியது, பசித்தது. மொரப்பாவில் ஒரு துண்டு எடுத்துத் தின்றேன். அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

உச்சிப் பொழுது தாண்டி குப்பாயி அக்கா விறகுச் சுமையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் சுமையை அப்படியே போட்டார்.

"வந்துட்டியா பாப்பா."

"அப்பவே வந்துட்டேங்க்கா. அம்மா எங்க? பென்ஷன் வந்துருச்சு! இனிமே யாரும் அவங்கள அனுப்ப முடியாது!"

அக்கா என் பக்கத்தில் வந்து கல்லில் உட்கார்ந்தார். "கடைக்காரரு ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாரு. இல்லீங்கன்னாரு."

"ஆமா கண்ணு" என்றார். "இல்ல."

எனக்கு உடனே புரியவில்லை. மேலூருக்கா என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும்தான் எந்த இல்லை என்று புரிந்தது. மடியில் இருந்த பொட்டலம் சரிந்து மொரப்பா எல்லாம் மண்ணில் கொட்டியது. நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். எதற்குப் பொறுக்குகிறேன் என்று தெரியாமலே பொறுக்கினேன், அழுதுகொண்டே. ஆறு மாதப் பழக்கம்தான். என் சொந்த ஆயா இறந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

போன வாரம் நடந்திருக்கிறது. அந்தப் பெர்மிட் ஓலை வந்ததிலிருந்தே அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லையாம். பரண் மேலிருந்த தகரப்பெட்டியை இறக்கச் சொல்லி, எந்தக் காலத்திலோ கொண்டுவந்த கம்பளிக் கோட்டை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறார். "இதப் போட்டுக்கிட்டா அங்க குளுராது குப்பாயி" என்று சொன்னாராம். மறுநாள் விடிகாலையில் எழுந்து அடுப்புப் பக்கம் வந்தவர், நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறார். குப்பாயி அக்கா வெந்நீர் வைத்துத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

வீட்டுக்குள் பெட்டி கட்டிய கயிறோடு அப்படியே இருந்தது. பிரிக்க மனசு வரவில்லை என்றார் அக்கா. ஊரே சேர்ந்து மேட்டுப் பலாமரத்துக்கு அந்தப்புறம் அடக்கம் செய்திருக்கிறது. பொன்னுசாமிதான் குழி வெட்ட முதலில் மண்வெட்டி எடுத்தாராம்.

என்னால் தாங்க முடியாதது ஒன்றுதான். ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே அம்மா போனார். அனுப்ப மாட்டார்கள் என்று சொல்லும் கடிதம் அந்த நேரத்தில் எங்கேயோ ஒரு தபால் பையில் இருந்திருக்கிறது. இதைச் சொன்னால், விதி என்று சிலர் சொல்கிறார்கள். விதியாவது ஒன்றாவது! டீ குடித்த நேரத்தில் அந்த பேங்க் ஆள், எங்கே போயிருக்கிறார், எப்போது வருவார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

தர்மபுரி திரும்பியதும் லண்டனுக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஆடிட்டர் சார் சொல்லச் சொல்ல அடித்தேன். ‘ஷீ இஸ் நோ மோர்.’ ஐப்பசியில் அந்த பேங்க் ஆள் எழுதிய அதே நாலு சொல். பதில் வந்தது: தங்கள் தகவலை ஏற்க இயலவில்லை, எங்கள் பதிவேட்டின்படி இவர் உயிருடன் இருக்கிறார், இறப்புக்குத் தகுந்த சான்று அனுப்பவும். பொய்யாக இறந்தபோது வாய்வார்த்தை போதுமாக இருந்தது. நிஜமாக இறந்த பிறகு சான்று கேட்டார்கள். ஆடிட்டர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சரி, கேட்டவர்களுக்கு உபயோகமாக நாலு வார்த்தை. உங்களிடம் ஓர் இங்கிலாந்துப் பென்ஷன்காரர் இருந்தால், உயிர்ச் சான்றிதழ் எப்போது வரும் என்று காத்திருக்காமல் நீங்களே கேட்டு வாங்கி, நகலோடு அனுப்புங்கள். தொகை ஏறாது என்பதை வைத்தே செலவைத் திட்டமிடுங்கள். இரண்டு நாட்டு வரியையும் பார்க்கத் தெரிந்த ஆடிட்டரைப் பிடியுங்கள், அங்கே பிடித்த வரிக்கு அத்தாட்சி இல்லாமல் இங்கே கழிக்க முடியாது. பேங்க் கணக்குத் திறக்கும் அன்றே வாரிசு பெயர் எழுதிவிடுங்கள். கணக்கைக் கூட்டுக் கணக்காக, இருவரில் யார் மிஞ்சினாலும் எடுக்கலாம் என்று வைத்தால் இன்னும் நல்லது. குப்பாயி அக்காவுக்கு அந்தப் பணம் வரவே இல்லை. அவர் கேட்கவும் இல்லை. "பவுனு போனாப் போவுது" என்றார். விதிகள் அன்றைக்கு இருந்தவை, போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மலைக்குப் போகிறவர்கள் கடைசி பஸ் நேரத்தைக் கேட்டு வையுங்கள், எலுமிச்சம்பழம் மறக்காதீர்கள். அங்கே யாராவது இல்லை என்று சொன்னால் தயவுசெய்து நின்று கேளுங்கள்.

அன்று சாயங்கால பஸ்ஸுக்கு என்னைக் கொண்டுவந்து விடும்போது குப்பாயி அக்கா இன்னொன்று சொன்னார். நான் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு போலீஸ்காரர் வந்தாராம். பெர்மிட் விஷயமாக விசாரிக்க அனுப்பியிருக்கிறார்கள். அவரும் பொன்னுசாமி கடையில்தான் நின்று கேட்டிருக்கிறார். இனி அதிகாரிகள் யாருக்கும் அந்தக் கேள்விக்குத் தன் வாயால் பதில் சொல்ல மாட்டேன் என்று பொன்னுசாமி அவரை நேராக அக்காவிடம் அனுப்பிவிட்டார்.

"வெள்ளைக்காரம்மா இன்னும் இங்கதான் இருக்காங்களான்னாரு. இருக்காங்க, வாங்கன்னு கூட்டிட்டுப் போனேன் பாப்பா. பலாமரத்துக்கு அந்தாண்ட, மண்ணு இன்னும் ஈரமா இருந்துச்சு. தொப்பியக் கழட்டிட்டு நின்னாரு. இதோ இங்கதாங்க இருக்கறாங்க, அனுப்பறதுன்னா அனுப்பிக்கங்கன்னு சொன்னேன்."